வேலியில் காய்ந்த வேட்டி

மலேசியாவில் பேராக் பக்கத்து எங்கள் ஊர் சுங்கை சிப்புட் மக்களுக்கும், ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் போன் அடித்துக்கொண்டே இருந்த எல்லாருக்கும் வணக்கம்.

கொரோனாவில் ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மா வீட்டுக்கு வந்து இன்றோடு மூன்று நாள். நேற்று ரசம் சாதம் கேட்டார், உப்பு பத்தவில்லை என்று திட்டவும் செய்தார், அதனால் இனி பயமில்லை என்று நினைக்கிறேன். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், பாதிப் பேருக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. அந்தக் கதையை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். தன் வீட்டிலும் ஒருவர் படுத்துக் கிடந்த நேரத்தில், விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் கருவியைக் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை வேலிக்கு மேலாக நீட்டிய பின்வீட்டு அக்கா, கோழிகளுக்குத் தீனி போட்ட அவர் மகன், கோயில் கமிட்டி அனுப்பிய சாப்பாட்டுப் பொட்டலங்கள், 555 கடன் நோட்டில் என் பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டே போய் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்காத பெயிண்ட் கடை முதலாளி தவுக்கே, பிள்ளைகள் படம் வரைகிறார்களோ இல்லையோ மாதம் தவறாமல் வகுப்புக் காசு போட்டுவிட்ட பெற்றோர்கள். யாரையாவது விட்டிருந்தால் நேரில் பார்க்கும்போது திட்டுங்கள். எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் இன்று எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது இதற்கெல்லாம் முன்னால், ஜூலையில் நடந்த ஒரு விஷயம். அப்போது வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது. இந்தக் கொஞ்ச நாளில் பட்டதற்குப் பிறகு வெட்கம் பாதி போய்விட்டது.

நான் சுவரில் படம் போடுகிறவன். பாலர் பள்ளி, தமிழ்ப்பள்ளி, அப்புறம் இரண்டு மூன்று மலாய்ப் பள்ளி. வாய்ப்பாடு, செம்பருத்திப் பூ, ருக்குன் நெகாரா என்கிற தேசியக் கோட்பாடு, பிரஷ் பிடித்துச் சிரிக்கிற பல். இதைக் கலை என்று சொன்னால் கோலாலம்பூர் நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், சதுர அடிக் கணக்கில் காசு வாங்கி அம்மாவையும் என்னையும் காப்பாற்றியது அதுதான். 2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் புலி வரைந்துகொண்டிருந்தேன். உடம்புக்கு வர்ணம் கொடுத்தாயிற்று, வரி மட்டும் பாக்கி. அதற்குப் பிறகு பள்ளி திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது, புலியைப் பற்றி யாரும் பேசவில்லை. வரி இல்லாமல் மஞ்சள் மாடு மாதிரி இன்னும் அங்கேதான் நிற்கிறது.

கம்பெனியில் வேலை செய்தவர்கள் இபிஎஃப் சேமிப்புப் பணத்தை எடுத்துச் சமாளித்தார்கள். என்னைப் போன்றவனுக்கு அதில் எடுக்க என்ன இருக்கிறது? முதல் வருடம் அரசாங்கம் கொடுத்த பிரிஹாத்தின் உதவிப் பணம் வந்த வேகத்தில் வாடகைக்குப் போனது. 2021 ஜூன் 1ஆம் தேதி மறுபடியும் எல்லாவற்றையும் மூடினார்கள். ஜூலை முதல் வாரத்தில் அரிசி அள்ளுகிற பால் டின், அரிசி டின்னின் அடியில் உரச ஆரம்பித்தது. அந்தச் சத்தம் அடுப்படியிலிருந்து கூடம் வரை கேட்கும். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, ராத்திரியில் பசியில்லை என்று சொல்ல ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

வேலை இல்லையென்றாலும் கை சும்மா இருக்காது. கேன்வாஸ் வாங்க ஈப்போ போக வேண்டும், அப்போது 10 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, போனாலும் வாங்கக் காசில்லை. பெட்டியில் அப்பாவின் பழைய வேட்டி ஒன்று இருந்தது. புலிக்கு வாங்கி மீந்த வெள்ளை அண்டர்கோட்டில் தண்ணீர் கலந்து, வேட்டியில் இரண்டு பூச்சு கொடுத்தேன். வீட்டுக்குப் பின்பக்கம் செம்பனை நிழல், வெயில் விழாது. அதனால் முன்வேலியில் காயப் போட்டேன்.

அந்த வாரத்தில் வீட்டு முன்னால் வெள்ளைத் துணி தொங்கினால் அது வெள்ளைக் கொடி, சாப்பாட்டுக்கு வழியில்லை, உதவுங்கள் என்று அர்த்தம், அது நாட்டில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் சத்தியமாக அந்த நேரத்தில் தோன்றவில்லை. (“தோணலையா?” என்று அம்மா இன்றும் ஒரு மாதிரிப் பார்த்துக் கேட்கிறார்.)

சாயங்காலம் ஒரு மலாய்த் தம்பி மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். இருபது வயது இருக்கும். மூன்றாவது சந்தில் இருப்பவன், முகம் தெரியும், பேசியதில்லை. “பாங், இது கொடியா?” என்று மலாயில் கேட்டான். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இல்லை தம்பி, படம் வரைகிற துணி, காயப் போட்டிருக்கிறேன் என்றேன், கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவன் துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தான். விரலில் வெள்ளை ஒட்டியது. அந்த விரலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், “ஓ, சரி பாங்” என்று கிளம்பிவிட்டான்.

இருட்டிய பிறகு திரும்ப வந்தான். கூடையில் இரண்டு பை. 5 கிலோ அரிசி, ஒரு தட்டு முட்டை, இரண்டு பாக்கெட் எண்ணெய், சாடின் டின் மூன்று, பெரிய வெங்காயம், அம்மாவுக்கென்றே வாங்கியது போல ஒரு பாக்கெட் மேரி பிஸ்கட். கொடி இல்லை என்றுதான் சொன்னேனே தம்பி என்றேன். “தெரியும் பாங். அம்மா பையில் கட்டிக் கொடுத்துட்டாங்க. திருப்பிக் கொண்டுபோனா எனக்குத்தான் திட்டு விழும்.” கேட்டில் மாட்டிவிட்டு, நான் அடுத்த வார்த்தை யோசிப்பதற்குள் மோட்டாரைத் திருப்பிவிட்டான்.

விரலில் பெயிண்ட் ஒட்டிய பிறகு அது கொடி என்று அவன் நம்பியிருக்க முடியாது. அதற்குப் பிறகுதான் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். இதை நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்று, அவன் போனை வெளியில் எடுக்கவே இல்லை. அந்த நாட்களில் அரிசிப் பையை இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நின்ற போட்டோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொடுத்தவரைக் குறை சொல்லவில்லை, போட்டோ எடுத்ததால் வயிறு நிரம்பாமல் போவதில்லை. ஆனால் வாங்குகிறவர் முகத்தைப் பார்த்தீர்களா? ஒரு படம் போடுகிறவனாகச் சொல்கிறேன், அந்த முகத்தை வரைவது ரொம்பக் கஷ்டம்.

அம்மா முட்டைகளை எண்ணிக்கொண்டே பழைய கதைக்குப் போய்விட்டார். 1948 ஜூனில் எங்கள் ஊர்ப் பக்கத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்ற பிறகுதான் மலாயாவில் அவசரகாலமே வந்தது. அம்மா அப்போது கைக்குழந்தை, பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த அவசரகால வருடங்களில் வேலைக்குப் போகும்போது சோற்றுப் பொட்டலம்கூடக் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் சோதனை போடுவார்கள், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்குக் கொடுத்துவிடுவாய் என்று பயம். “சோறு குடுத்தா ஜெயில்னு எங்கம்மா சொல்லும். இந்தப் பையன் கேக்காமலே கொண்டாந்து மாட்டிட்டுப் போறான் பாரு” என்றார். அன்று ராத்திரி அம்மாவுக்குப் பசித்தது.

பிறகு ஆகஸ்டில் எங்களுக்குக் கொரோனா வந்தபோது, என் கையில் தனிமைப்படுத்தலுக்கான ரோஸ் பட்டை கட்டி வீட்டில் அடைத்திருந்த நாட்களில், அதே தம்பி கேட்டில் ஓர் அடுக்குச்சட்டியை மாட்டிவிட்டு ஹாரன் அடித்துவிட்டுப் போவான். மேலடுக்கில் கஞ்சி, கீழே வதக்கிய கங்கோங் கீரை. அவன் அம்மாவை நான் இன்னும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மாக்சிக், இதை யாராவது உங்களுக்கு மலாயில் படித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். தெரிமா காசே, நன்றி.

வேட்டி இப்போது உள்ளே சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது. இன்னும் எதுவும் வரையவில்லை. மோட்டார் வரையலாமா என்று ஒரு நாள் தோன்றும், அடுத்த நாள் வேண்டாம் என்று தோன்றும். ஓரத்தில் அவன் விரல் பட்ட இடத்தில் பூச்சு கொஞ்சம் பிய்ந்து நெசவு தெரிகிறது. அந்த இடத்தை மட்டும் தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். பள்ளி திறந்ததும் முதல் வேலை புலிக்கு வரி போடுவது, காசு கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி.

அடுக்குச்சட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா காலையிலிருந்து பிடிவாதம், எழுந்து நிற்கவே தள்ளாடுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி எனக்குக் கேசரி கிண்டச் சொல்லிக் கொடுத்தார். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. மேலே இருப்பதை மட்டும் எடுத்து அடுக்கியிருக்கிறேன், சூடு ஆறுவதற்குள் கொண்டுபோக வேண்டும், அதனால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.