சிகிச்சை பாப்பாவுக்கு, வகுப்பு உங்களுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நான்கு வயது மகளின் கோபத்துக்காக உளவியலாளரிடம் போனால், பயிற்சி பெற்றோருக்குத்தான் என்கிறாராம். “அடிக்கிறது அவ, கடிக்கிறது அவ, பயிற்சி மட்டும் எங்களுக்கா?” என்று கேட்டிருந்தாய். இந்தக் கேள்வி வழக்கமாக அப்பாக்களிடமிருந்துதான் வரும். அம்மாக்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. தப்பு தங்கள் மேல்தான் என்று ஏற்கெனவே தீர்ப்பு எழுதிக்கொண்டுதான் அந்த அறைக்குள் வந்து உட்காருகிறார்கள். கேள்வியும் தீர்ப்பும் பிறப்பது ஒரே இடத்தில்தான்: கூப்பிட்டால் குற்றம் சாட்டுகிறார்கள் என்ற எண்ணம். பலருக்கும் உள்ள சந்தேகம் என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நான்கு வயதுப் பிள்ளையை ஓர் அறையில் உட்காரவைத்து வாரம் ஒரு மணி நேரம் பேசுவதால் வீட்டில் பெரிதாக எதுவும் மாறாது. அங்கே கேட்டதை நினைவில் வைத்து, கோபம் தலைக்கேறும் நேரத்தில் எடுத்துப் பயன்படுத்துகிற மூளை அவளுக்கு இன்னும் வளரவில்லை. கோபம் வருவது உளவியலாளரின் அறையிலும் அல்ல. குளிக்கக் கூப்பிடும்போது, போனைத் திருப்பி வாங்கும்போது, விளக்கை அணைக்கும்போது வருகிறது. அந்த நேரங்களிலெல்லாம் பக்கத்தில் இருப்பது நீங்கள் இருவரும்தான். அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

“பெரியவனையும் இப்படித்தானே வளர்த்தோம்” என்கிறாய். உண்மைதான். சில பிள்ளைகள் பிறக்கும்போதே சட்டென்று பற்றிக்கொள்கிற சுபாவத்தோடு வருகிறார்கள். ஒரு பிள்ளைக்குப் போதுமாக இருந்த வளர்ப்பு இன்னொரு பிள்ளைக்குப் போதாமல் போகலாம். இன்னொன்றும் தெரிந்துகொள். மாண்ட்ரியலில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்ற ஆய்வாளர் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். மனிதர்கள் அதிகமாகக் கை ஓங்கும் பருவம் இளமை அல்ல, இரண்டு மூன்று வயதுதான் என்று அவர் ஆய்வுகள் காட்டின. அதன்பிறகு பெரும்பாலான பிள்ளைகள் மெல்ல மெல்லக் கையை அடக்கக் கற்றுக்கொள்கிறார்கள். உன் மகள் அதில் கொஞ்சம் பின்தங்கி நிற்கிறாள், அவ்வளவுதான்.

இப்போது உன் வீட்டில் நடப்பதைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் தன் ஆட்களை வீடுகளுக்கே அனுப்பி, யார் என்ன சொன்னார்கள், அடுத்த நொடி மற்றவர் என்ன செய்தார் என்று வரிசையாகக் குறிக்கச் செய்தார். அதில் தெரியவந்த வலையை 1982-ல் புத்தகமாக விரித்து எழுதினார். அது இப்படி ஓடும். பாப்பா போன் கேட்கிறாள், நீ இல்லை என்கிறாய். அவள் சிணுங்க, நீ அதட்டுகிறாய். அவள் கத்தி, கையில் கிடைத்ததை எறிகிறாள். “தொலை, அஞ்சு நிமிஷம்தான்” என்று கொடுத்துவிடுகிறாய். வீடு அமைதியாகிறது. அவளுக்குக் கிடைத்தது போன், உனக்குக் கிடைத்தது அமைதி. இரண்டு பேருக்குமே பரிசு கிடைத்துவிட்டதால் நாளைக்கும் இதே நாடகம் நடக்கும், இன்னும் கொஞ்சம் உரத்த குரலில். இன்னொரு நாள் நீ ஓங்கி ஓர் அதட்டு போடுகிறாய் அல்லது ஓர் அடி வைக்கிறாய், அவள் அடங்குகிறாள். அன்றைக்குப் பரிசு உனக்கு. அடுத்தமுறை உன் கை முன்னைவிடச் சீக்கிரம் எழும். அவள் உன்னைப் பழக்குகிறாள், நீ அவளைப் பழக்குகிறாய். இதில் வில்லன் யாரும் இல்லை.

இந்த வலையை அறுக்கப் பல திட்டங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் மேத்யூ சாண்டர்ஸ் உருவாக்கிய ‘டிரிபிள் பி’, அமெரிக்காவில் கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் உருவாக்கிய குழு வகுப்புகள் எல்லாம் உண்டு. உங்களுக்குச் சொல்லியிருப்பது 1970-களில் ஷீலா ஐபெர்க் வடிவமைத்த பெற்றோர்-குழந்தை ஊடாட்ட சிகிச்சை. சுருக்கமாக பி.சி.ஐ.டி. இரண்டு முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. முறை கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். நீயும் பாப்பாவும் ஓர் அறையில் விளையாடுவீர்கள். உளவியலாளர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, உன் காதில் மாட்டிய கருவி வழியே அந்தந்த நொடியில் சொல்லிக்கொடுப்பார். இப்போது வீடியோ அழைப்பிலும் செய்கிறார்கள். முதல் நாள் கூச்சமாக இருக்கும். சில நிமிடங்களில் காதுக்குள் இருக்கும் குரல் பழகிவிடும்.

முதல் பாதியில் கண்டிப்பு என்ற பேச்சே இருக்காது. இங்கேதான் அப்பாக்கள் பொறுமை இழக்கிறார்கள். “விளையாடவா வந்தோம்? அடிக்கிறதை நிறுத்த வழி சொல்லுங்க” என்பார்கள். நீயும் சொல்வாய், தெரியும். சொல்லிவிட்டு விளையாடு.

வீட்டுப்பாடம் தினமும் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் அவள் ராஜ்ஜியம். அவள் எதை எடுக்கிறாளோ அதுதான் விளையாட்டு. நீ கேள்வி கேட்கக்கூடாது, கட்டளை போடக்கூடாது, குறை சொல்லக்கூடாது. கேட்க எளிதாக இருக்கிறதா? ஒருமுறை உன் பேச்சைப் பதிவு செய்து கேட்டுப் பார். “இது என்ன கலர்? இங்க வை. அப்படி இல்லடா. இதுக்கு மேல எது வரும்?” நம் பாசத்தில் பாதி தேர்வாகவும் மீதி உத்தரவாகவுமே வெளியே வருகிறது. அதற்குப் பதிலாக அவள் செய்வதை வாயால் சொல்: “சிவப்புக் கட்டை மேல நீலக் கட்டை வைக்கிற.” அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்: “ஆமா, கோபுரம் பெரிசாயிடுச்சு.” பாராட்டும்போது எதற்கு என்று சொல்லிப் பாராட்டு. “குட் கேர்ள்” என்றால் தன்னிடம் எது பிடித்தது என்று அவளுக்குத் தெரியாது. “கோபுரம் விழுந்தும் கத்தாம திரும்பக் கட்டுறியே, சூப்பர்” என்றால் தெரியும்.

இதற்கு ஓர் அளவும் வைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்குள் பத்து குறிப்பான பாராட்டு, பத்து திருப்பிச் சொல்லல், பத்து வர்ணனை. கேள்வி, கட்டளை, குறை மூன்றும் சேர்ந்து மூன்றைத் தாண்டக்கூடாது. இந்த எண்ணிக்கையைத் தொட்டால்தான் அடுத்த பாதிக்கு அனுப்புவார்கள். எண்ணிப் பார்க்கிற இந்த முறை எனக்குப் பிடித்தது. “பாசமாக இருங்கள்” என்று சொல்லி அனுப்புவதைவிட இது நேர்மையானது.

ஏன் இதை முதலில் வைத்தார்கள் என்பது இரண்டாம் பாதியில் விளங்கும். அங்கே ‘டைம் அவுட்’ வருகிறது. சொன்னதைச் செய்யவில்லை என்றால் ஓர் எச்சரிக்கை, அதற்கும் செய்யவில்லை என்றால் மூன்று நிமிடம் நாற்காலி. உன் கவனத்திலிருந்து அவளை வெளியே வைப்பதுதான் தண்டனை. நாள் முழுவதும் அந்தக் கவனம் திட்டாக மட்டுமே வந்துகொண்டிருந்தால் அதை இழப்பதில் அவளுக்கு என்ன வலி? விட்டது தொல்லை என்றுகூட நினைப்பாள். ஐந்து நிமிட விளையாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில்தான் நாற்காலிக்கு அர்த்தம் வருகிறது. நீங்கள் முன்பே முயன்று தோற்றதாகச் சொன்னது இதைத்தான். விளையாட்டை விட்டுவிட்டு நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இணையத்தில் இதைச் சொல்லிக்கொடுப்பவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நாற்காலிக்கும் விதி உண்டு. மூன்று நிமிடம் முடிந்ததும் ஐந்து நொடியாவது அமைதியாக இருக்க வேண்டும். பிறகு முதலில் சொன்ன அதே வேலையைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் வேலையிலிருந்து தப்பிக்கும் வழியாக நாற்காலி மாறிவிடும். அங்கே உபதேசம் கிடையாது, முறைத்துப் பார்ப்பதும் கிடையாது. சலிப்பாக இருந்தால் சரியாகச் செய்கிறாய் என்று பொருள்.

கட்டளையிலும் ஒரு திருத்தம் சொல்வார்கள். “பொம்மையை எடுத்து வைக்கிறியா?” என்று கேட்டால் “மாட்டேன்” என்பது நியாயமான பதில். “பொம்மையை இந்தப் பெட்டியில வை” என்று ஒரே ஒரு வேலையாகச் சொல்லிவிட்டு ஐந்து நொடி வாயை மூடிக்கொண்டு காத்திரு. பத்துத் தடவை சொன்னால் ஒன்பதைக் கேட்கத் தேவையில்லை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆவோம்.

சிணுங்கல், முனகல் போன்றவற்றைக் கண்டுகொள்ளாதீர்கள் என்பார்கள். அடிப்பது, ஆபத்தானது எதுவும் அந்தக் கணக்கில் சேராது. கண்டுகொள்ளாமல் விட ஆரம்பித்ததும் முதலில் அது குறையாது, கூடும். இவ்வளவு நாள் வேலை செய்த ஆயுதம் ஏன் இன்று வேலை செய்யவில்லை என்று இன்னும் ஓங்கிப் பார்ப்பாள். அந்த உச்சத்தில் நீங்கள் இறங்கிவிட்டால், அடுத்தமுறை அந்த உச்சத்திலிருந்துதான் தொடங்குவாள். வீட்டுப் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நீங்கள் இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் பின்பக்கமாக ஒரு கை போனை நீட்டினால் அன்றைய பாடு வீண்.

அடி பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். “அடியாத மாடு படியாது” என்று உனக்கு யாராவது சொல்லத்தான் செய்வார்கள். பிள்ளைகளைக் காயப்படும் அளவுக்கு அடித்துப் புகாருக்கு உள்ளான பெற்றோரை வைத்து மார்க் சாஃபின் குழு அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்து 2004-ல் வெளியிட்டது. வழக்கமான பெற்றோர் வகுப்புக்குப் போனவர்களில் 49 சதவீதம் பேர் மீது மீண்டும் புகார் வந்தது. பி.சி.ஐ.டி.க்குப் போனவர்களில் 19 சதவீதம். அந்த அளவுக்குப் போன கைகளையே இது இறக்கியிருக்கிறது. உன் கை அந்த அளவுக்கெல்லாம் போனதில்லை.

மருந்து பற்றிக் கேட்டிருந்தாய். கவனச்சிதறலும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. உறுதியானால்கூட, ஆறு வயது நிரம்பாத பிள்ளைக்கு முதலில் பெற்றோர் பயிற்சி, மருந்து அதன் பிறகே என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டுதலும். ஆனால் சிலவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். காது சரியாகக் கேட்கிறதா, வயதுக்கேற்ற பேச்சு வந்திருக்கிறதா, தூக்கம் எப்படி, ஆட்டிசத்தின் சாயல் ஏதும் இருக்கிறதா. காது கேளாத பிள்ளையைச் சொல்பேச்சு கேளாத பிள்ளை என்று நாற்காலியில் உட்காரவைப்பது கொடுமை. உங்கள் இருவரில் ஒருவர் மனச்சோர்வில் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தூங்காமல் கிடப்பவரால் பத்துப் பாராட்டு சொல்ல முடியாது.

எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பாதியில் நின்றுவிடும் குடும்பங்கள் நிறைய. பல வீடுகளில் அம்மா மட்டும் போய்வருவார், அப்பா “என்ன சொன்னாங்க?” என்று ராத்திரி கேட்டுக்கொள்வார். கேட்டு வருகிற பழக்கம் இல்லை இது. காதில் கருவி மாட்டிக்கொண்டு தடுமாறித்தான் வரும். லீவு போட்டாவது நீயும் போ.

முதல் சந்திப்பில் 36 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைக் கொடுப்பார்கள். ஒவ்வொரு நடத்தையும் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று ஒன்று முதல் ஏழு வரை எண்ணில் குறிக்க வேண்டும். அது உங்களுக்குத் தொந்தரவா இல்லையா என்று தனியாக ஒரு பதில். நீயும் உன் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்காமல் தனித்தனியாக நிரப்புங்கள். உனக்கு மூன்று என்று தோன்றுவது அவளுக்கு ஏழாக இருக்கலாம், நாள் முழுக்கப் பாப்பாவோடு இருப்பது அவள்தானே. அப்படி வந்தால் அங்கேயே சண்டை போடாதீர்கள். இரண்டு படிவத்தையும் அப்படியே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா