மூன்றாண்டுக் குத்தகையின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

கலிபோர்னியாவில் ஜப்பானிய உழவர்களின் நில உரிமைக்காக வாதாடியவர்களில் ஜான் பி. ஐரிஷ் முக்கியமானவர். அயோவா சட்டமன்றத்தில் இருந்தவர், பத்திரிகையாளர், பிற்பாடு கலிபோர்னியாவில் விவசாயமும் பார்த்தவர். அவர் எதிர்த்த சட்டத்தின் நுணுக்கம் தெரிந்தால்தான் அவர் செய்ததன் எடை புரியும்.

1913-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தில் 'ஜப்பானியர்' என்ற சொல்லே கிடையாது. 'குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார்' என்றுதான் இருக்கும். வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்பது அன்றைய கூட்டாட்சி விதி. எனவே பெயரைச் சொல்லாமலே ஆளைக் குறிவைத்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான்!

விளைநிலம் வாங்கத் தடை. குத்தகை அதிகபட்சம் 3 ஆண்டு. திராட்சை நட்டால் முதல் விளைச்சலுக்கே ஏறத்தாழ 3 ஆண்டு ஆகும். கொடி காய்க்கும் நேரத்தில் குத்தகை முடியும். அதனால் ஸ்ட்ராபெரி, காய்கறி என்று சீக்கிரம் காசாகும் பயிருக்கே போக வேண்டியிருந்தது. மற்றொரு வழி, அமெரிக்காவில் பிறந்து குடியுரிமை பெற்ற பிள்ளையின் பெயரில் நிலம் வாங்கித் தந்தை பாதுகாவலராக இருப்பது.

1920 நவம்பர் வாக்கெடுப்பு குத்தகையையும் பாதுகாவலர் வழியையும் அடைத்தது. ஐரிஷ் எதிர்த்தும் பெரும்பான்மை ஆதரவோடு நிறைவேறியது. பாதுகாவலர் தடையை மாநில உச்ச நீதிமன்றம் 1922-இல் ரத்து செய்தது. முழுச் சட்டமும் செல்லாது என்ற தீர்ப்பு வர 1952 ஆயிற்று. வாக்காளர்கள் அதை ஏட்டிலிருந்து நீக்கியது 1956-இல்.

1923-இல் இந்தியரும் 'வெள்ளையர் அல்லர்' என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும் பஞ்சாபி உழவர்களும் இதே வலையில் விழுந்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்