கேட்டால் எழுத்தில் பதில் தரவேணும்

அன்பின் மச்சான்,

நாங்கள் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. உன்ர பேத்தி நடக்கத் தொடங்கிட்டாளாம், அக்கா சொன்னவ. தாத்தாவைப்போல ஓடி ஒளிக்காமல் வளரட்டும்.

எங்கட குளத்துத் திருத்த வேலையின்ர எஸ்ரிமேற் (செலவு மதிப்பீடு) எங்கட கைக்கு வந்திட்டுது! அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாரிக்கு முதல் "புனரமைப்பு முடிந்தது" எண்டு பலகை நட்டவங்கள், படம் அனுப்பினனான். குளக்கட்டில ஒரு பக்கம் மட்டும் கிரவல், தண்ணி திறந்துவிடுற துருசுக் கதவு பழையபடி ஒழுகுது. எந்தக் கந்தோரில கேட்டாலும் "அது மேலிடத்து வேலை" எண்ட ஒரே கதை. கமக்கார (விவசாயிகள்) அமைப்புக் கூட்டத்தில கத்திப்போட்டுக் கலைஞ்சு போறம். இந்தமுறை பழைய தலைவற்ர மகள், கம்பசில படிக்கிற அந்த வாயாடி, எழும்பி "ஆர்.டி.ஐ. போடுங்கோ" எண்டாள்.

அதுதான் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். 2017 பெப்ரவரி 3 இல நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முதலே, 2015 இல, 19ஆவது திருத்தத்தால அரசியலமைப்புக்குள்ளயே இந்த உரிமையைச் சேர்த்திட்டினம். இத்தனை வருசம் எங்கட கையில கிடந்திருக்கு மச்சான்! கமக்கார அமைப்பின்ர பேரிலயே கேக்கலாம், உறுப்பினரில முக்கால்வாசிப் பேர் இலங்கைக் குடிமக்களாய் இருந்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால சொன்னால் தகவல் அலுவலரே எழுதி எடுக்கவேணும். விண்ணப்பத்துக்குக் காசில்லை.

எஸ்ரிமேற்றைக் கேட்டு நாங்கள் குடுத்த கடிதத்தைக் கந்தோரில வாங்கினவர் முதல் கேட்டது, "இது உங்களுக்கு ஏன்?" பிள்ளை நிதானமாச் சொன்னாள், "காரணம் சொல்லத் தேவையில்லை எண்டு சட்டத்தில இருக்கு ஐயா. வாங்கினதுக்குத் துண்டு தாங்கோ." எங்கட பெரியண்ணையின்ர முகத்தை நீ பார்த்திருக்கவேணும். அந்தாள் வாழ்நாள் முழுக்கக் கந்தோர் வாசலில துவாயைத் தோளால எடுத்துக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்ட மனுசன்.

14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும். சொல்லேல்லை. மேல இருக்கிற, மேன்முறையீடு கேக்கிற அலுவலருக்கு எழுதினம். அங்கயும் சரிவராட்டில் கொழும்பில இதுக்கெண்டே ஆணைக்குழு இருக்கு. அதுவரைக்கும் போகத் தேவைப்படேல்லை, கட்டுக்கட்டாய்க் கொப்பி வந்தது. முழுக் குளக்கட்டுக்கும் கிரவல் எண்டும் புதுத் துருசுக் கதவு எண்டும் அதில தெளிவா எழுதியிருக்கு. இப்ப பொறியியலாளர் வந்து நாடா பிடிச்சு அளந்திட்டுப் போயிருக்கிறார். மாரிக்கு முதல் கதவு மாறினால்தான் பெரும்போகத்துக்குத் தண்ணி நிக்கும். மாத்துவிக்காமல் நாங்கள் விடப்போறதில்லை.

எனக்கு நெஞ்சு பத்தினது வேறொரு இடத்தில. உள்நாட்டுக் காசில 5 இலட்சம் ரூபாய்க்கு மேல ஒரு வேலை எண்டால், தொடங்க 3 மாசத்துக்கு முதலே அமைச்சர் அதால பாதிக்கப்படுற சனத்துக்கு விவரம் தெரிவிக்கவேணும் எண்டு அதே சட்டம் சொல்லுது. எங்களுக்கு ஆர் சொன்னது? பலகை நட்டாப்பிறகுதானே தெரியும்!

இன்னொண்டும் மனதைக் குடையுது. சட்டம் நடைமுறைக்கு வந்த அதே மாசம் 20ஆம் திகதிதான் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்டவையின்ர அம்மாமார் போராட்டத்துக்கு இருந்தவை. அவை கேக்கிறதும் தகவல்தான், சண்டை முடிய இராணுவத்திட்டச் சரணடைஞ்ச பிள்ளையளின்ர பேர்ப்பட்டியல். ஒரு குளத்துக் கணக்கையே இவ்வளவு பாடுபட்டு வாங்கவேண்டிக் கிடக்கு. அவையை நினைச்சால் எனக்குக் கதை வருகுதில்லை.

இனி உன்ர விசயம். அப்பான்ர காணிப் பெமிற் (அனுமதிப்பத்திரம்) கடைசிச் சண்டைக்க மாத்தளனில பையோட போனது. "ஒண்டும் செய்யேலாது" எண்டு நீ கைவிட்டிட்டாய். அதை நான் ஏற்கேல்லை. பெமிற் துலைஞ்சாலும் பிரதேச செயலகத்தில காணிப் பதிவேடு இருக்கும். அந்தப் பக்கத்தின்ர கொப்பியைக் கேக்கலாம். இல்லையெண்டால் இல்லையெண்டும், தரமாட்டம் எண்டால் எந்தப் பிரிவின் கீழ எண்டும் எழுத்தில தரவேணும். பதிவை வேணுமெண்டு அழிச்சால் 50,000 ரூபாய் வரை தண்டம் அல்லது 2 வருசம் வரை சிறை, ரெண்டும் கிடைக்கலாம்.

உன்னால கேக்கேலாது, நீ இப்ப கனடாக்காரன். இரட்டைக் குடியுரிமை எடு எண்டு எத்தினை தரம் சொல்லிட்டன்! அக்காவால ஏலும். சட்டம் வரேக்க இருந்த பதிவுகளைக் குறைஞ்சது 10 வருசம் வைச்சிருக்கவேணும் எண்டுதான் விதி, அதை நம்பி நாளைக் கடத்தாதை. தமிழிலயே எழுதுவம், பிள்ளை எழுதித் தாறன் எண்டவள்.

காணித்துண்டு இலக்கம், பெமிற் குடுத்த வருசம், அப்பான்ர முழுப்பேர், இந்த மூண்டையும் இந்தக் கிழமைக்குள்ள வட்சப்பில போடு. வருசம் சரியா ஞாபகம் இல்லாட்டில் சித்தப்பாவைக் கேள், அவருக்கு எல்லாம் பாடம்.

உன்ர,
மச்சான்