ஹேர் டிரையரில் உருகாது அந்தப் பவுடர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், வீட்டிலேயே வாழ்த்து அட்டை செய்வது பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. கையால் அட்டை செய்வதைப் பற்றி நாளிதழில் எழுதுவதே அபூர்வம், சந்தோஷமாகப் படித்தேன். ஆனால் எம்பாசிங், அதாவது அட்டையில் உருவத்தை மேடாக எழுப்புவது பற்றிய பத்தியில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. அதைப் பார்த்துச் செய்கிறவருக்கு முதல் அட்டையே பாழாகும். நமக்கு இது வராது என்று சாமான்களை எடுத்து வைத்துவிடுவார். அப்படி ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சாதாரண ஸ்டாம்ப் பேடு மை போதும் என்று போட்டிருக்கிறீர்கள். போதாது. அந்த மையைத் தாள் உடனே உறிஞ்சிக்கொண்டு காய்ந்துவிடும். சூட்டில் உருகி மேடாக நிற்கும் எம்பாசிங் பவுடர் ஒட்டிக்கொள்ள ஈரம் வேண்டும். பிக்மென்ட் மை மெதுவாகத்தான் காயும், எம்பாசிங்குக்கென்றே நிறமில்லாத மையும் கிடைக்கிறது. இந்த இரண்டில் ஒன்றுதான் சரிப்படும். அடுத்தது, பவுடரை உருக்க ஹேர் டிரையர் போதும் என்கிறீர்கள். அதில் காற்று அதிகம், சூடு குறைவு. பவுடர் உருகுவதற்கு முன்பே பறந்துவிடும். நானும் அதை வைத்துத்தான் தொடங்கினேன். பொன்னிறப் பவுடரில் பாதி மேசையில், மீதி என் சட்டையில். இதற்கு ஹீட் கன்தான் வேண்டும். அதில் காற்று குறைவு, சூடு மிக அதிகம்.

தவறைச் சொல்லிவிட்டு முறையைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. முதலில் முகத்துக்குப் போடும் பவுடரைச் சின்னத் துணியில் முடிந்து அட்டை மேல் லேசாகத் தட்டுங்கள். கைபட்ட எண்ணெய்ப் பசையில் எம்பாசிங் பவுடர் ஒட்டிப் புள்ளி புள்ளியாக நிற்காது. அப்புறம் ஸ்டாம்பை மையில் தொட்டு நேராக வையுங்கள், நேராக எடுங்கள். நடுவில் ஆட்டினால் கோடு இரட்டையாகும். உடனே பவுடரைத் தாராளமாகக் கொட்டுங்கள். மடித்த தாளின் மேல் அட்டையைச் சாய்த்து முதுகில் ஒரு தட்டு தட்டினால் மிச்சம் விழுந்துவிடும், அதை டப்பாவிலேயே திருப்பிக் கொட்டிக்கொள்ளலாம். அங்கங்கே நிற்கும் துகள்களைக் காய்ந்த மெல்லிய தூரிகையால் தள்ளிவிடுங்கள். மின்விசிறியை நிறுத்த மறக்க வேண்டாம்.

ஹீட் கன்னை முதலில் வெறுங்காற்றில் சில நொடி ஓடவிட்டு, அது நன்றாகச் சூடேறிய பிறகே அட்டையருகில் கொண்டுபோக வேண்டும். மாவு போல இருக்கும் பவுடர் திடீரென்று நனைந்தது போலப் பளபளக்கும். அந்தக் கணமே அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் காட்டலாம் என்று நின்றால் உருகியது தாளுக்குள் இறங்கிவிடும், மேடும் போய்விடும், பளபளப்பும் போய்விடும். ஆறுகிற வரை தொடக் கூடாது. கன்னின் முனை விரலைச் சுட்டுவிடும், அதனால் குழந்தைகள் தனியாகச் செய்ய விடாதீர்கள். இந்த எச்சரிக்கையும் உங்கள் கட்டுரையில் இல்லை.

இவ்வளவு அக்கறையாக எழுதக் காரணம் இருக்கிறது. நான் தபால் பிரிக்கும் வேலையில் 31 வருடம் இருந்தவன். உறைக்குள் இருப்பது கடிதமா, வாழ்த்து அட்டையா என்பதைக் கண்ணுக்கு முன் விரல் சொல்லிவிடும். சில அட்டைகளில் உறையைத் தாண்டியும் மேடு தட்டுப்படும். பூவோ பறவையோ, யாருக்குப் போகிறதோ, எனக்குத் தெரியாது. அந்த மேட்டை மட்டும் கை நினைவில் வைத்திருந்தது. ஓய்வு பெற்ற அடுத்த மாதமே ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஒரு டப்பா பவுடரும் வாங்கினேன்.

அப்புறம் என் தங்கைக்குக் கண் அழுத்த நோயால் பார்வை போனது. அதற்கு முன் அவளுக்கு அட்டை அனுப்பிய எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். பார்க்க முடியாதவளுக்கு எதற்கு என்று நினைத்திருப்பார்கள். நான் நிறுத்தவில்லை. முதலில் நெருக்கமாக இதழ்கள் கொண்ட ரோஜா ஸ்டாம்ப் ஒன்றை வெள்ளிப் பவுடரில் செய்து கொடுத்தேன். கண்ணுக்கு அது என் ஆகச் சிறந்த அட்டை. அவள் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஏதோ சொரசொரன்னு இருக்கு, நல்லா இருக்கு" என்றாள். அது பூ என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது. அடுத்த வாரம் ஒரே ஒரு இலை, நடுவில் ஒரு நரம்பு, பக்கத்துக்கு இரண்டு. துகள் பெரிதாக இருக்கும் பவுடரைப் போட்டு உருக்கி, சூடு ஆறுவதற்குள் மறுபடி போட்டு உருக்கினேன். மூன்று அடுக்கு. தொட்டவுடனே "இலை" என்றாள்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்ததும் இல்லை. 1786-இல் பாரிஸில் வாலண்டின் ஹாய், ஈரத்தாளைப் பெரிய அச்செழுத்துகள் மேல் அழுத்தி, பார்வையற்றவர்கள் தடவிப் படிக்கப் புடைப்பெழுத்துப் புத்தகம் போட்டார். எழுத்தின் வளைவுகளை விரலால் பின்பற்றுவது மெதுவான வேலை. 1829-இல் லூயி பிரெய்ல் தன் புள்ளி முறையை வெளியிட்டார். விரலுக்குக் கோட்டைவிடப் புள்ளி எளிது. இதைப் படித்த பிறகுதான் என் ரோஜா ஏன் தோற்றது என்று புரிந்தது. இப்போது என் தங்கைக்குச் செய்யும் அட்டையில் பூ என்றால் ஒரு பெரிய புள்ளி, சுற்றிலும் இடம் விட்டு ஐந்து புள்ளி.

பவுடரும் சூடும் இல்லாத உலர் எம்பாசிங்கைக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. செலவில்லாமல் தொடங்க நினைப்பவருக்கு அதுதான் வழி. உருவத்தைத் துளையாக வெட்டிய தகடான ஸ்டென்சிலை அட்டையின் முகப்பில் ஒட்டி, இரண்டையும் சேர்த்துத் திருப்பிச் சன்னல் கண்ணாடியில் வைத்தால் வெளிச்சத்தில் உருவம் தெரியும். பின்பக்கத்திலிருந்து உருண்டை முனைக் கருவியால் ஓரத்தை ஒட்டி அழுத்த வேண்டும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவும் உதவும். முனை சிக்கினால் அந்த இடத்தில் மெழுகுத்தாளால் ஒருமுறை தேயுங்கள். தடித்த அட்டை வெடித்தால் பின்பக்கம் துளி ஈரம் காட்டுங்கள், இழை இளகிக்கொடுக்கும்.

எழுத்து வைக்கும்போது கவனம். ஸ்டென்சிலைப் படிக்கிற வாக்கில் கீழே வைத்து, அதன் மேல் அட்டையைக் கவிழ்த்து அழுத்தினால் சொல் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி வரும். 12 அட்டைகளில் 'அன்பு' என்று இடவலம் மாற்றி எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன். தமிழ் எழுத்து ஸ்டென்சில் தேடிக் கிடைக்காமல், பழைய பிளாஸ்டிக் கோப்பு உறையில் நானே வெட்டிக்கொள்கிறேன். 'அ', 'ண' இரண்டிலும் சுழியை முழுக்க வெட்டினால் நடுத்துண்டு விழுந்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் பாலம் விட வேண்டும். ஸ்டாம்ப் செதுக்க அழிப்பான் போதும். பென்சிலால் தாளில் எழுதி, அந்தப் பக்கத்தை அழிப்பானில் கவிழ்த்துத் தேய்த்தால் எழுத்து தானாகவே திரும்பிப் பதியும். அதன் மேலேயே செதுக்கலாம்.

கைபேசியிலேயே புடைப்பு போலத் தெரியும் அட்டைகளை உருவாக்கி அனுப்பலாம் என்று கட்டுரை முடிகிறது. அனுப்பலாம். ஆனால் அதில் நிழல்தான் இருக்கும், மேடு இருக்காது. என் தங்கைக்கு அது வெறும் கண்ணாடித் தகடு. ஒரு வாழ்த்தைத் தொட்டுப் பார்க்க வைக்கிற வேலை இது, அதைப் படத்தோடு சேர்த்து ஒரே கணக்கில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஞாயிறு, மை பற்றியும் ஹீட் கன் பற்றியும் நான்கு வரி திருத்தம் போட்டால் போதும். இடம் இருந்தால் உலர் எம்பாசிங்குக்கு ஒரு தனிப் பத்தி தாருங்கள், படங்கள் நானே எடுத்து அனுப்புகிறேன். கட்டுரையைப் படித்து ஹேர் டிரையரோடு உட்கார்ந்து ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், மிச்சப் பவுடரை எறிந்துவிடாதீர்கள். மூடியை இறுக்கி ஈரம் படாமல் வையுங்கள், அது கெடாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்