வகுப்பறை எதிரொலி: சனிக்கிழமை பேனல் மாட்டுகிறோம்

பெற்றோர்களுக்கு வணக்கம். வெறும் சுவரிலும் கண்ணாடி ஜன்னலிலும் பட்டுத் திரும்பும் சத்தத்தில் டீச்சர் சொல்லும் 'பத்து' கடைசி பெஞ்சில் 'பத்தா, பட்டா' என்று புரியாமல் போகிறது, பிள்ளைகள் பாவம். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஒலி உறிஞ்சும் பேனல்களை நாமே மாட்டுகிறோம்.

1. ஏணி, டிரில்லிங் மெஷின் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.
2. 50 மி.மீ. தடிமன் பேனல்தான், முதலில் பின்சுவர், சுவரை ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்டினால் கனத்த குரலின் எதிரொலியும் குறையும்.
3. முட்டை அட்டை, தெர்மாகோல் வேண்டாம், பேச்சொலியைச் சரியாக உறிஞ்சாது, தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

அப்புறம், வெளியிலிருந்து வரும் வண்டிச் சத்தத்தை இது தடுக்காது.

யார் யார் வருகிறீர்கள்? வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.