மூன்றாம் முறையும் திரும்பி வந்த கடிதம்

கல்லூரி மாணவர் நலப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் தம்பியின் கோப்பு உங்கள் மேசையில் இருக்கிறது. மோட்டார் விபத்து, தலையில் அடி, ஒரு பருவம் விடுப்பு, எல்லாம் நீங்கள் அறிந்ததே. அவனுடைய மருத்துவக் கடிதத்தைப் போன வாரம் மூன்றாம் முறையாகத் திருப்பிவிட்டீர்கள். முதலில் தேதி பழையது என்றீர்கள். பிறகு ஸ்கேனில் ஒன்றுமில்லையே என்றீர்கள். இப்போது மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டை எங்கே என்கிறீர்கள்.

சிடி ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளையின் நுண்ணிய நரம்பிழைகள் அதிர்ச்சியில் சேதமானால் பல வேளை அதில் தெரியாது. அதற்காகத்தான் கவனம், நினைவு, சிந்திக்கும் வேகம் மூன்றையும் தனியாகச் சோதித்தார்கள். முடிவு அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. யாராவது புரட்டிப் பார்த்தீர்களா, ஐயா? அந்த அட்டைக்கான சமூக நலத்துறைப் பதிவில் உள்ள 7 பிரிவுகளில் மூளைக் காயத்துக்கென்று ஒன்று இல்லை. எதில் சேர்ப்பது என்பதை டாக்டர் அடுத்த அப்பாய்ன்மெண்டில் சொல்வார். தேர்வு அதற்கு முன்பே வந்துவிடும்.

உங்கள் பாரத்தில், மறதி ஏற்பட்ட நாளையும் நேரத்தையும் மாணவரே எழுத வேண்டும் என்றிருக்கிறது. தம்பி அதன் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். "அக்கா, நான் மறந்தது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். அன்றிலிருந்து அம்மா, செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வந்து, கடைக் கடன் எழுதும் 555 புத்தகத்தில் எழுதத் தொடங்கினார். அடுப்பில் பால் தீய்ந்தது. சுங்கை சிப்புட்டில் இறங்காமல் கோலகங்சார் வரை பஸ்ஸில் போய்விட்டான். வெளிச்சம் தாங்காமல் மத்தியானம் முழுக்கக் கண்ணில் துணி கட்டிப் படுத்திருந்தான். ஒரு நாள் சம்பளத்தை விட்டு அந்தப் புத்தகத்தை அவரே கொண்டுவந்தார். மாணவர் கையெழுத்தில் இல்லை என்று உங்கள் கவுண்டரில் திருப்பிக் கொடுத்தார்கள். வீடு வரும்வரை அம்மா பேசவில்லை.

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, அரசுக் கல்வி நிலையமானாலும் தனியார் ஆனாலும் தகுந்த வசதி செய்து தர வேண்டும் என்று 28ஆம் பிரிவில் சொல்கிறது. மீறினால் தண்டனை என்று அதில் ஒரு வரி கூட இல்லை. அந்தத் துணிவில்தான் எங்களை இப்படி அலைய விடுகிறீர்களா? கால் ஒடிந்து கட்டோடு வருகிறவனுக்கு அன்றே கீழ்த்தளத்தில் இடம் கிடைக்கிறது. என் தம்பியை மட்டும், தோட்டத்துப் பிள்ளை படிக்காமல் சாக்குச் சொல்கிறான் என்று பேசியது என் காதிலும் விழுந்தது.

மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு. தேர்வில் கூடுதல் நேரம், நடுவில் சிறிது ஓய்வு, சத்தமில்லாத அறை. மூன்றும் டாக்டர் எழுதியவை. கையில் இருக்கும் கடிதத்தை இந்தத் தேர்வுக்காவது ஏற்றுக்கொள்ளுங்கள். அட்டை கிடைத்த அன்றே நானே கொண்டுவருகிறேன். ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் மறுபடியும் கேட்கிறேன்.

பதிலை எழுத்தில், என் பெயருக்கு அனுப்புங்கள். தயவுசெய்து அவனிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா
சுங்கை சிப்புட், பேராக்