பராமரிப்புத் திருத்தங்களும் உங்கள் யூசர்மாட்களும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

குன்னூர்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உங்களில் ஒருவருடைய மெயின்பிரேம் பெருங்கணினியில், சென்ற மாதப் பராமரிப்புத் திருத்தங்கள் ஏறியதும் அச்சு வேலைகளைக் கிளைவாரியாகப் பிரித்துவந்த யூசர்மாட் (தயாரிப்பாளரின் மென்பொருளில் நாமே செய்துகொள்ளும் மாற்றம்) அழிந்துபோன செய்தி உங்களை எட்டியிருக்கும். அதனுடன் சேர்ந்து, நாங்கள் கவனிக்கவில்லை என்ற பேச்சும் பரவுவதுதான் எங்களை வருத்துகிறது. அந்த யூசர்மாட் மாற்றிய மாட்யூலின் (நிரல் பகுதியின்) பெயர் எங்கள் பதிவேட்டிலும் இருந்தது, நாங்கள் அனுப்பிய சென்ற மாதக் குறிப்பிலும் இருந்தது.

நடந்தது இதுதான். திருத்தங்களை ஏற்றி இறக்கும் கருவியான எஸ்.எம்.பி./இ ஒவ்வொரு மாட்யூலுக்கும், அதைக் கடைசியாக முழுமையாக மாற்றிய பிடிஎஃப் (PTF, தயாரிப்பாளர் அனுப்பும் திருத்தம்) எது, அதன்மேல் ஏறிய யூசர்மாட்கள் எவை என்று குறித்து வைத்திருக்கிறது. அதே மாட்யூலைப் புதிதாகக் கொண்டுவரும் பிடிஎஃப் நம் யூசர்மாட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்க வேண்டும். நாம் எழுதியது தயாரிப்பாளரான ஐபிஎம்முக்குத் தெரியாதாகையால் அது நடப்பதில்லை, எனவே திருத்தத்தை ஏற்றும் அப்ளை கட்டளை பிழை காட்டி நின்றுவிடும். அந்த நிறுத்தம் உங்கள் மாற்றத்துக்குக் காவல். அந்தச் சோதனையைத் தாண்டச் சொல்லும் பைபாஸ் (ஐடி) கொடுத்தால் அந்தப் பிழை வெறும் எச்சரிக்கையாகச் சுருங்கி, பிடிஎஃப் ஏறி, யூசர்மாட் போய்விடும். அன்றிரவு அங்கே அதுதான் கொடுக்கப்பட்டது. யூசர்மாட்டை ரிஸ்டோர் செய்து இறக்கி, பிடிஎஃப்பை ஏற்றி, புதிய மாட்யூலுக்கேற்பத் திருத்திய யூசர்மாட்டை மீண்டும் ஏற்றுவதே முறை. யூசர்மாட்களை அக்செப்ட் செய்ய (நிரந்தரமாகச் சேர்க்க) வேண்டாம் என்று நாங்கள் ஓயாமல் சொல்வதும், செய்துவிட்டால் ரிஸ்டோர் வழி அடைபட்டுவிடும் என்பதால்தான். மூல நிரலைத் தராமல் ஆப்ஜெக்ட் கோடை (கணினிக்கேற்ற வடிவத்தை) மட்டும் தரும் கொள்கையை ஐபிஎம் 1983இல் அறிவித்த பிறகு, பெரும்பாலான மாட்யூல்களுக்குள் என்ன மாறியது என்பதை நம்மால் படித்தறிய முடிவதில்லை. அதனால் ஒவ்வொரு பெயரையும் கையால் ஒப்பிடுகிறோம்.

பர்லியாறு பக்கம் மண் சரிந்து இணைப்பு அறுந்ததில், மாட்யூலின் பெயர் இருந்த அந்தச் சென்ற மாதக் குறிப்பு இரண்டு நாள் பிந்திச் சேர்ந்தது.

எங்கள் மூத்த பொறியாளர் கோயம்புத்தூருக்குப் பணிமாறிச் சென்றுவிட்டார். ஆகவே அடுத்த மாதம் முதல் அப்ளை செக் (எதையும் ஏற்றாமல் ஒத்திகை பார்த்தல்) அறிக்கையை முன்கூட்டியே அனுப்புங்கள். மூன்று வேலை நாட்களுக்குள் மாட்யூல்வாரியாகப் பதில் தருவோம். பதில் வரும்வரை பைபாஸ் கொடுக்காமல் காத்திருக்க வேண்டுகிறோம்.

டேப்பில் பராமரிப்பு வந்த நாள்முதல் எங்களை நம்பி, மழைக்கால மின்வெட்டிலும் பொறுமையுடன் காத்திருந்த உங்களுக்கு எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. அழிந்த யூசர்மாட்டைக் கட்டணமின்றித் திருத்திக் கொடுத்துவிட்டோம்.

அன்புடன்,
உரிமையாளர்